ஓய்வு நாளும் ஓர் அமானிதமே



சென்ற ஆண்டு ஷவ்வால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அஸர் தொழுகை முடிந்து நாம் பள்ளிவாசலிலிருந்து வெளியே வந்தபோது, நம் மக்தபில் சிறுவயதில் ஓதிய மாணவி ஒருவரின் தாயார் வாசலருகே காத்திருந்தார். அந்த மாணவி இப்போது மருத்துவர். வெளி மாவட்டம் ஒன்றில் முதுநிலைப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறார்.

“ஹஜ்ரத், பிள்ளைக்குக் கொஞ்சம் ஓதிப் பாருங்கள். நேற்றுக் காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தவள், படுத்தவள்தான். லுஹரும் போயிற்று, அஸரும் போயிற்று. ராத்திரி எழுந்து களா தொழுதுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டாள். இன்று அவளுடைய மாமா மகள் நிக்காஹ். அதற்கும் வரவில்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். பிள்ளை மாறிப் போய்விட்டாள்” என்று சொல்லிக் கண் கலங்கினார்.

நாம் அவருக்குச் சொன்ன பதிலை இங்கே மறைக்க விரும்பவில்லை. சோம்பல் ஷைத்தானின் புறத்திலிருந்து வருவது என்றும், படிப்பு கூடக்கூட இபாதத்தும் பணிவும் கூட வேண்டும் என்றும், மகளுக்குப் பேணுதலை நினைவூட்டுங்கள் என்றும் சொல்லி அனுப்பினோம். அந்தத் தாய் தலையசைத்துப் போனார். நாம் சொன்னது அப்படியே மகளின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

இரண்டு நாள் கழித்து அந்த மாணவியே தொலைபேசியில் அழைத்தார். குரலில் கோபமில்லை. “ஹஜ்ரத், நான் சோம்பேறி இல்லை. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வார்டுக்குள் போனேன். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத்தான் வெளியே வந்தேன். அன்று விடியற்காலையில் ஒரு குழந்தைக்கு மருந்தின் அளவைப் பத்து மடங்காக எழுதிவிட்டேன். செவிலியர் அக்கா பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். அல்லாஹ் காப்பாற்றினான்” என்றார். விடுப்பு கேட்கக் கூடாதா என்று கேட்டோம். “விடுப்பு நாள்கள் மீதம் இருக்கின்றன. கேட்கத்தான் மனம் வரவில்லை. நான் போனால் என்னோடு படிப்பவள் இரண்டு பேர் வேலையைப் பார்க்க வேண்டும். மீறி வீட்டுக்கு வந்தால், வீட்டிலும் இப்படி” என்றார்.

முப்பத்து மூன்று மணிநேரம் உறங்காமல் நோயாளிகளைப் பார்த்த ஒரு பெண்ணுக்கு, சோம்பலைப் பற்றி நாம் உபதேசம் சொல்லியிருந்தோம். அந்தப் பிழைக்குப் பரிகாரமாகவே இந்தக் கட்டுரை.

பிலால் (ரலி) அவர்களும் உறங்கினார்கள்

அன்று அந்தத் தாய்க்கு நாம் நினைவூட்டியிருக்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்று ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. ஒரு பயணத்திலிருந்து திரும்பும் வழியில் நபி (ஸல்) அவர்களும் தோழர்களும் இரவின் பிற்பகுதியில் இறங்கி ஓய்வெடுத்தார்கள். ஃபஜ்ருக்கு எழுப்பிவிடும் பொறுப்பு பிலால் (ரலி) அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்களும் தம்மால் இயன்றவரை தொழுதுகொண்டு விழித்திருந்தார்கள். பின்னர் ஒட்டகத்தின் மீது சாய்ந்தவாறே கண்ணயர்ந்துவிட்டார்கள். வெயில் மேலே பட்ட பிறகே அனைவரும் எழுந்தார்கள். பிலாலிடம் விளக்கம் கேட்கப்பட்டது. உங்களை ஆட்கொண்ட அதே உறக்கம் என்னையும் ஆட்கொண்டது என்ற கருத்தில் அவர்கள் பதில் சொன்னார்கள். அண்ணலார் அவர்களைத் தண்டிக்கவில்லை, பழிக்கவுமில்லை. பின்னர் அனைவரும் அந்தத் தொழுகையை நிறைவேற்றினார்கள்.

தொழுகையை அலட்சியம் செய்ய இது சான்று அன்று. உறங்குபவர் விழித்தவுடன் தொழ வேண்டும் என்பதே சட்டம். அந்தப் பெண்ணும் அதைத்தான் செய்தார். ஆனால் காவல் பொறுப்பில் இருந்த ஒருவரை உறக்கம் வென்றபோது, அதை ஈமானின் குறையாக அல்லாமல் மனித உடலின் எல்லையாகப் பார்க்க இந்த நிகழ்ச்சி நமக்குக் கற்றுத் தருகிறது.

நலநாள் என்பது என்ன?

வெளிநாடுகளில், குறிப்பாக அமெரிக்காவில், பயிற்சி மருத்துவர்களுக்கு ‘வெல்னஸ் டே’ என்ற பெயரில் ஆண்டுக்குச் சில நாள்களைச் சில மருத்துவமனைகள் ஒதுக்குகின்றன. தமிழில் நலநாள் எனலாம். காய்ச்சல் வந்தால் எடுக்கும் விடுப்பு வேறு, ஊருக்குப் போக எடுக்கும் ஆண்டு விடுமுறை வேறு. உறங்குவதற்கும், பல் மருத்துவரைப் பார்ப்பதற்கும், மனநல ஆலோசனை பெறுவதற்கும், பெற்றோரோடு ஒரு வேளை உணவு உண்பதற்கும் என்று, நோயாளி ஆவதற்கு முன்பே எடுத்துக்கொள்ளும் நாள் அது. பயிற்சி மருத்துவர்கள் தங்கள் சொந்த உடல், மன, பல் சிகிச்சைக்காகப் பணிநேரத்திலும் சென்றுவர வாய்ப்பளிக்க வேண்டும் என்பதை, அந்நாட்டில் இப்பயிற்சியை அங்கீகரிக்கும் அமைப்பு ஒரு விதியாகவே வைத்திருக்கிறது.

நம் நாட்டில் அந்தப் பெயர் இன்னும் பழகவில்லை. ஆனால் அதற்கு இடம் தரும் விதிகள் காகிதத்தில் உண்டு. 1992 ஜூன் மாதத்தில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட ஆணையில், உறைவிடப் பயிற்சி மருத்துவர்களின் தொடர் பணி வழக்கமாக 12 மணிநேரத்தைத் தாண்டக் கூடாது என்றும், வாரத்துக்கு 48 மணிநேரம் என்றும், முறைவைத்து வார விடுமுறை தர வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு முதுநிலைக் கல்வி விதிமுறைகள், ஆண்டுக்கு 20 நாள் ஊதியத்துடன் கூடிய தற்செயல் விடுப்பையும், பணியின் அவசரத்துக்கு உட்பட்டு வாரம் ஒரு நாள் விடுமுறையையும் தருகின்றன. நியாயமான பணிநேரம், நாள்தோறும் நியாயமான ஓய்வு ஆகிய சொற்களும் அவற்றில் உள்ளன.

நடப்பு வேறு. அதே ஆணையம் அமைத்த மனநலப் பணிக்குழு 2024இல் அளித்த அறிக்கைக்காக 5,000க்கு மேற்பட்ட முதுநிலை மாணவர்கள் இணையவழிக் கருத்தாய்வில் பதிலளித்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் வாரத்துக்கு 60 மணிநேரத்துக்கும் மேல் பணியாற்றுவதாகச் சொன்னார்கள். பாதிக்கும் மேற்பட்டோருக்கு வார விடுமுறை ஒழுங்காகக் கிடைப்பதில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததுண்டு என்று சொன்னவர்கள் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர். பத்துப் பேரில் மூவர் என்று எண்ணிப் பாருங்கள்.

அக்குழு பரிந்துரைத்த உச்சவரம்பு வாரத்துக்கு 74 மணிநேரம்: ஒரு நாள் 24 மணிநேரப் பணி, ஐந்து நாள் பத்து மணிநேரப் பணி, ஒரு நாள் விடுமுறை. 1992இல் 48 என்று எழுதிய நாட்டில், 32 ஆண்டுகளுக்குப் பின் 74 என்பதே ஒரு சீர்திருத்தமாக முன்வைக்கப்படுகிறது. இந்த இடைவெளியிலிருந்தே நம் பிள்ளைகளின் நிலையைப் புரிந்துகொள்ளலாம்.

இது யாரோ சிலருடைய பிரச்சினை என்று நாம் இருந்துவிட முடியாது. தமிழ்நாட்டில் 2007 முதல் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் இடஒதுக்கீடு இருக்கிறது. 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இருக்கிறது. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் தமிழகத்தில் திறக்கப்பட்டபோது, நம் மாவட்டத் தலைநகர் திருவள்ளூரும் அவற்றுள் ஒன்றாயிற்று. வீட்டில் முதல் பட்டதாரியே மருத்துவராக வரும் காலம் நம் சமுதாயத்துக்கு வாய்த்திருக்கிறது, அல்ஹம்து லில்லாஹ். அந்தப் பிள்ளைகள் எப்படிப் பயிற்சி பெறுகிறார்கள் என்பதை அறிய வேண்டிய கடமையும் அதனோடு வந்திருக்கிறது.

நோயாளியின் உரிமை

“மக்கள் வரிசையில் நிற்கும்போது மருத்துவருக்கு என்ன ஓய்வு?” என்று கேட்போர் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆடிக் கிருத்திகை நாள்களில் நம் ஊருக்கு வரும் கூட்டத்தையும், எல்லைக்கு அப்பால் நகரிப் பக்கத்திலிருந்தெல்லாம் சிகிச்சைக்காக வருவோரையும் பார்த்த எவரும் மருத்துவர்களின் தேவையை மறுக்க மாட்டார். ஆனால் வரிசையில் நிற்பவருக்குத் தேவை விழிப்பான மருத்துவர். கண் திறந்திருப்பதும் விழிப்பாக இருப்பதும் ஒன்றல்ல.

1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 24 மணிநேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.10 விழுக்காடு மது கலந்தவரின் செயல்திறன் அளவுக்குக் குறைந்துவிடுவதைக் காட்டியது. நம் நாட்டில் வாகனம் ஓட்டுவோருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 மட்டுமே. மது ஒரு துளியும் ஹராம் என்று அறிந்த நாம், நம் பிள்ளை அதே நிலையில் கையில் ஊசியோடு நிற்பதைத் தியாகம் என்று புகழ்கிறோம். 2004இல் அமெரிக்காவில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஆய்வில், நீண்டநேரப் பணிமுறையில் இருந்த பயிற்சி மருத்துவர்கள், நேரம் குறைக்கப்பட்ட முறையில் இருந்தபோது செய்ததைவிட ஏறத்தாழ 36 விழுக்காடு அதிகமாகக் கடுமையான தவறுகள் செய்தார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுவது நேர்மை. 2016இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு 117 அறுவைச் சிகிச்சைப் பயிற்சித் திட்டங்களை எடுத்துக்கொண்டது. பணிநேர விதிகளைச் சற்றுத் தளர்த்தியதால் அங்கே நோயாளிகளுக்குத் தீங்கு கூடவில்லை. வார உச்சவரம்பான 80 மணிநேரம் அங்கேயும் தளர்த்தப்படவில்லை என்பதை மறக்கக் கூடாது. மணிக்கணக்கைக் குறைப்பது மட்டும் போதாது, ஒருவர் பார்த்த நோயாளியை அடுத்தவரிடம் ஒழுங்காக ஒப்படைப்பதும் முக்கியம் என்பதே இதிலிருந்து நாம் எடுக்கும் பாடம். ஒப்படைப்பு என்பதும் அமானிதம்தான்.

மார்க்கம் இதை நெடுங்காலத்துக்கு முன்பே ஒரு விதியாக வகுத்துவிட்டது. கோபமாக இருக்கும் நிலையில் நீதிபதி தீர்ப்பு வழங்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. இந்தத் தடை கோபத்துக்கு மட்டும் உரியதா என்று ஃபுகஹாக்கள் ஆராய்ந்தார்கள். சிந்தனையைக் குலைக்கும் எதுவாயினும் அதே சட்டம்தான் என்று கூறி, கடும் பசி, தாகம், தூக்கக் கலக்கம் ஆகியவற்றையும் அதில் சேர்த்தார்கள். வழக்குத் தொடுத்தவர்கள் வாசலில் காத்திருப்பார்களே என்பதற்காக அந்தத் தடையை அவர்கள் நீக்கவில்லை. சொத்து வழக்குக்கே இந்தப் பேணுதல் என்றால், உயிரைப் பற்றிய முடிவுக்கு எவ்வளவு பேணுதல் வேண்டும்? தூக்கம் மேலிடும்போது தொழுகையை நிறுத்திவிட்டு உறங்கிக்கொள்ளுமாறும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். பாவமன்னிப்புக் கேட்கப்போய்த் தன்னையே சபித்துக்கொள்ள நேரிடலாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நாவு தடுமாறுவதற்கே இந்த அச்சம் என்றால், மருந்துச் சீட்டில் கை தடுமாறுவதை என்னென்பது?

ஆகவே ஓய்வு நாள் மருத்துவருக்குக் கொடுக்கப்படும் பரிசு மட்டும் அன்று. அவரிடம் நாளை வரப்போகும் நோயாளியின் உரிமை அதில் அடங்கியிருக்கிறது. அதனால்தான் அதை அமானிதம் என்கிறோம்.

சலுகையை மறுப்பது தக்வா அன்று

இனி அந்த மாணவி சொன்ன தயக்கத்துக்கு வருவோம். விடுப்பு இருக்கிறது, கேட்க மனம் வரவில்லை. நல்ல பிள்ளைகளுக்கே இந்தத் தயக்கம் வருகிறது. தோழியின் மீது சுமை ஏறுமே என்று அஞ்சுவது நற்குணம்தான். ஆனால் அந்த நற்குணம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அனஸ் (ரலி) அவர்கள் ஒரு பயணத்தைப் பற்றி அறிவிக்கிறார்கள். கடுமையான வெயில். நிழலுக்கு மேலாடையைத் தவிர வேறில்லை. சிலர் நோன்பு வைத்திருந்தார்கள், சிலர் பயணத்துக்குரிய சலுகையை ஏற்று நோன்பை விட்டிருந்தார்கள். தங்கும் இடம் வந்ததும் நோன்பு வைத்தவர்கள் தளர்ந்து விழுந்தார்கள். நோன்பு விட்டவர்கள் எழுந்து கூடாரம் அடித்து, வாகனப் பிராணிகளுக்குத் தண்ணீர் காட்டினார்கள். அன்றைய நன்மையை நோன்பு விட்டவர்களே கொண்டு சென்றார்கள் என்பது அண்ணலாரின் தீர்ப்பு. தன்னை வருத்திக்கொண்டவர் பிறருக்குச் சுமையானார், சலுகையை ஏற்றவர் பிறருக்குப் பயன்பட்டார்.

பயணத் தொழுகையைச் சுருக்குவது பற்றி உமர் (ரலி) அவர்கள் கேட்டபோதும், அது அல்லாஹ் உங்களுக்கு அளித்த தர்மம், அதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற பொருளில் பதில் கிடைத்தது. சட்டப்படி கிடைத்த ஓய்வு நாளை எடுக்காமல் விட்டுவிடுவது வீரமும் அன்று, தக்வாவும் அன்று. முறையாக முன்கூட்டிச் சொல்லி, நோயாளிகளின் விவரங்களை ஒழுங்காக ஒப்படைத்துவிட்டு அந்த நாளை எடுங்கள் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். உங்கள் தோழி விடுப்பு எடுக்கும் நாளில் அவருடைய பணியை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். அப்போது அது கடனாக இராது, முறையாகிவிடும். ஒருவர் எடுக்கத் தொடங்கினால்தான் மற்றவருக்கும் கேட்கும் துணிவு வரும்.

நம் ஊர் மலைக்கோயிலுக்கு 365 படிகள். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்று நம் இந்துச் சகோதரர்கள் சொல்வார்கள். ஏறுவோர் இடையிடையே படியோரம் அமர்ந்து மூச்சு வாங்குவதைச் சிறுவயது முதல் பார்த்து வருகிறோம். அப்படி அமர்ந்தவரை எவரும் பக்தி குறைந்தவர் என்று சொல்லிக் கேட்டதில்லை. மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஆண்டின் 365 நாளிலும் அமராமல் ஏறச் சொல்கிறோம்.

நாம் ஸல்மானாக இருக்க வேண்டும்

குடும்பங்களிடம் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது. ஓய்வு நாளைப் பறிப்பது மருத்துவமனை மட்டும் அன்று, பல நேரங்களில் நாமும்தான்.

மகன் ஒரு நாள் வீட்டுக்கு வருகிறான் என்று தெரிந்ததும் என்ன செய்கிறோம்? அன்றைக்கே பெண் பார்க்க நாள் குறிக்கிறோம். தெருவில் உள்ளவர்கள் சர்க்கரை, இரத்த அழுத்த அறிக்கைகளோடு வந்து அமர்கிறார்கள். நாமே அழைத்து உட்கார வைக்கிறோம். ஜமாஅத்தில் இலவச முகாம் என்றால் அவனைக் கேட்காமலே நோட்டீசில் பெயர் போடுகிறோம். மாலையில் இரண்டு வீட்டு விசேஷம். மகளாக இருந்தால் அதோடு அடுக்களை வேலையும் சேர்கிறது. உறவைப் பேணுவது கடமை என்று சொல்லி அழைக்கிறோம். கடமைதான். ஆனால் வாரக்கணக்கில் உறங்காத பிள்ளையிடம் அந்தக் கடமையை முதலில் வசூலிப்பது நீதியா? வங்கிக் கடனையும் விற்ற நகையையும் நினைவூட்டிக்கொண்டே இருக்கும் பெற்றோரும் உண்டு. அந்தச் சொல்லைத் தாங்க முடியாமலேயே, மனம் சரியில்லை என்பதைச் சொல்லாமல் மறைக்கும் பிள்ளைகளும் உண்டு.

ஸல்மான் (ரலி) அவர்கள் தம் சகோதரராக ஆக்கப்பட்ட அபுத்தர்தா (ரலி) அவர்களின் வீட்டுக்குப் போன வரலாறு நம்மில் பலர் அறிந்ததே. பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்றிருந்த அபுத்தர்தாவை ஸல்மான் முதலில் உண்ண வைத்தார்கள். இரவில் அவர் தொழ எழுந்தபோதெல்லாம் உறங்கச் சொன்னார்கள். இரவின் கடைசிப் பகுதியில் இருவரும் சேர்ந்து எழுந்து தொழுதார்கள். இறைவனுக்கும், உடலுக்கும், குடும்பத்துக்கும் தனித்தனியே உரிமை உண்டு, ஒவ்வோர் உரிமையாளருக்கும் அவரவர் உரிமையைக் கொடுக்க வேண்டும் என்று விளக்கினார்கள். ஸல்மான் சொன்னது உண்மையே என்று நபி (ஸல்) அவர்கள் ஆமோதித்தார்கள்.

இதில் நாம் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. அபுத்தர்தா தாமாக ஓய்வெடுக்கவில்லை. ஓய்வெடு என்று உரிமையோடு சொல்ல ஒருவர் வீட்டுக்குள் வந்தார். கடுமையாக உழைப்பவருக்குத் தம் களைப்பு தெரிவதில்லை, தெரிந்தாலும் ஒப்புக்கொள்ள மனம் வருவதில்லை. அப்படிப்பட்டவருக்கு ஒரு ஸல்மான் வேண்டும். வீட்டில் அந்த இடம் தாய் தந்தையருடையது. வார்டில் அது மூத்த மருத்துவர்களுடையது. பள்ளிவாசலில் அது நம்மைப் போன்றவர்களுடையது. அன்று அந்தத் தாய் வந்தபோது நாம் அந்த இடத்தில் நிற்கத் தவறினோம்.

பிள்ளை வீட்டுக்கு வந்தால் முதலில் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேளுங்கள். கதவைச் சாத்தித் தூங்க விடுங்கள், தொழுகை நேரம் வந்தால் மென்மையாக எழுப்பி, தொழுததும் மீண்டும் உறங்க விடுங்கள். உறவினர் கேட்டால், பணி முடிந்து களைத்து வந்திருக்கிறாள் என்று நீங்களே பதில் சொல்லுங்கள். உறக்கம் இன்மை, எதிலும் விருப்பம் இன்மை, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு ஆகியவற்றைக் கண்டால் ஓதிப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். துஆவும் செய்யுங்கள், மனநல மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். மத்திய அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416, தமிழக அரசின் உதவி எண் 104. இரண்டும் எந்நேரமும் இயங்குபவை. மருத்துவருக்கு மருத்துவம் தேவைப்படுவது வெட்கத்துக்குரியது அன்று.

கயிற்றை அவிழ்க்க வேண்டும்

இவ்வளவும் சொன்ன பிறகும், ஆண்டுக்குச் சில நாள் ஓய்வு தந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் நம்பவில்லை. 33 மணிநேரப் பணியை அப்படியே வைத்துக்கொண்டு நடுவில் ஒரு நலநாள் தருவது, ஓட்டைக் குடத்தில் ஒரு குவளை நீர் ஊற்றுவது போன்றதுதான்.

நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை பள்ளிவாசலுக்குள் வந்தபோது இரண்டு தூண்களுக்கு இடையே கயிறு கட்டியிருப்பதைக் கண்டார்கள். ஸைனப் (ரலி) அவர்கள் தொழும்போது களைத்தால் பிடித்துக்கொள்வதற்காகக் கட்டியது என்று சொல்லப்பட்டது. அந்தக் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார்கள். உற்சாகம் உள்ளவரை தொழட்டும், களைத்தால் அமரட்டும் என்பது அவர்களின் வழிகாட்டல். அந்த ஊக்கத்தைப் பாராட்டி, இன்னும் உறுதியான கயிறு கட்டச் சொல்லவில்லை. களைப்புக்குப் பின்னும் ஒருவரை நிற்க வைக்கும் ஏற்பாட்டையே அகற்றினார்கள்.

நம் மருத்துவமனைகளில் அந்தக் கயிறு பல வடிவங்களில் இருக்கிறது. “நாங்களும் இப்படித்தான் படித்தோம்” என்ற மூத்தோரின் சொல் ஒரு கயிறு. விடுப்பு கேட்டவரைத் தேர்வில் பார்த்துக்கொள்ளலாம் என்ற அச்சம் ஒரு கயிறு. நிரப்பப்படாத பணியிடங்கள் எல்லாவற்றையும்விடப் பெரிய கயிறு. 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் நீண்ட பணியின் நடுவே கருத்தரங்கக் கூடத்தில் ஓய்வெடுத்த பயிற்சி மருத்துவர் ஒருவர் கொடூரமாகக் கொல்லப்பட்டதை நாடே அறியும். பெண் பிள்ளைகளைப் படிக்க அனுப்பும் பெற்றோர், விடுதி எப்படி இருக்கிறது என்று கேட்பதோடு, இரவுப் பணியில் படுக்கத் தாழ்ப்பாள் உள்ள அறை இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

பெற்றோர் கேட்டு என்ன ஆகும் என்று எண்ண வேண்டாம். 1984இல் நியூயார்க்கில் லிபி சயான் என்ற 18 வயது மாணவி மருத்துவமனையில் இறந்தார். அவரைப் பார்த்தவர்கள் ஓய்வின்றி நீண்டநேரம் பணியிலிருந்த பயிற்சி மருத்துவர்கள். அவருடைய தந்தை விடாமல் கேள்வி எழுப்பினார். அதன் விளைவாக 1989இல் அம்மாநிலத்தில் வாரத்துக்கு 80 மணிநேரம் என்ற வரம்பு வந்தது. 2003இல் அது அந்நாடு முழுமைக்கும் விரிந்தது. ஐரோப்பிய விதிப்படி பிரிட்டனின் பயிற்சி மருத்துவர்களுக்கு 2009 முதல் சராசரி 48 மணிநேரம். அங்கெல்லாம் மருத்துவம் கற்பது நின்றுவிடவில்லை. நம் நாட்டிலும் 1992ஆம் ஆண்டின் ஆணை எழுதப்பட்டே இருக்கிறது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரக் கேட்பது கிளர்ச்சி ஆகாது.

அந்த மாணவியிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். அவருடைய தாயாரையும் அழைத்து, முன்பு சொன்னது தவறு என்று சொன்னோம். சென்ற மாதம் அவர் மீண்டும் ஒரு நாள் விடுப்பில் வந்து போனதாகப் பின்னர் அறிந்தோம். வந்த செய்தியே தெருவில் எவருக்கும் தெரியவில்லை. “நீங்கள் சொன்னபடியே செய்தேன் ஹஜ்ரத். யாரிடமும் சொல்லவில்லை. தூங்கினாள், அஸருக்கு எழுந்தாள், என் மடியில் தலை வைத்துக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தாள்” என்றார் அந்தத் தாய்.

யா அல்லாஹ், நோயுற்றோருக்கு ஷிஃபாவைக் கொடுப்பாயாக. அவர்களுக்காக உழைக்கும் எங்கள் பிள்ளைகளின் உடலையும் உள்ளத்தையும் பாதுகாப்பாயாக. அவர்களின் சுமையை அறிந்து இலகுவாக்கும் உறவினராகவும் ஆசிரியராகவும் எங்களை ஆக்கி வைப்பாயாக. ஆமீன்.